ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? சரிசெய்யும் முறை

மெல்லிய 9-42 கம்பி செட்டைக் கழற்றிவிட்டு தடித்த 10-46 மாட்டியதிலிருந்து உங்கள் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜின் (கம்பிகளின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் அசையும் தட்டின்) பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கம்பிகள் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை) விட்டு ரொம்ப உயரத்துக்குப் போய்விட்டன. சுருதி சேர்க்க ஆறாவது கம்பியில் தொடங்கி முதல் கம்பிக்கு வருவதற்குள் ஆறாவது மறுபடி இறங்கிவிடுகிறது. பேசாமல் ஒரு மரத்துண்டை வைத்து பிரிட்ஜை அசையாமல் அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடைக்க வேண்டாம். கிட்டாரில் எதுவும் கெட்டுப்போகவில்லை. தடித்த கம்பி கூடுதலாக இழுக்கிறது, ஸ்பிரிங்குகள் பழைய இழுப்பிலேயே இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் நீங்களே சரிசெய்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். இந்த பிரிட்ஜோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ட்யூனிங் கீயை ஒரு கை, ஸ்பிரிங்கை ஒரு கை, உயரத்தை ஒரு கை என்று எல்லாவற்றையும் கலந்து திருகிவிடுகிறார்கள். அப்புறம் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிரிட்ஜின் முன்விளிம்பு இரண்டு ஸ்டட்களின் (உடம்பில் பதித்த தடித்த திருகுகளின்) மேல் சாய்ந்து நிற்கிறது. மேலே ஆறு கம்பிகள் அதை ஹெட்ஸ்டாக் (கழுத்தின் நுனி) பக்கம் இழுக்கின்றன. கீழே, உடம்புக்குள் தொங்கும் கனமான உலோகக் கட்டையை ஸ்பிரிங்குகள் அதே திசையில் இழுக்கின்றன. ஸ்டட் நடுவில் இருப்பதால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. தராசு போலத்தான், ஒரு தட்டில் கம்பி, மறு தட்டில் ஸ்பிரிங். 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள கிட்டாரில், வழக்கமான சுருதியில், 9-42 செட்டின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. 10-46 என்றால் அது 47 கிலோவை நெருங்கும். எட்டு ஒன்பது கிலோ கூடுதல் இழுப்பு வந்தால் பிரிட்ஜ் முன்னால் சாயாமல் என்ன செய்யும்?

மூன்றே மூன்று ஸ்பிரிங் எப்படி இத்தனை கிலோவைத் தாங்குகிறது என்று தோன்றலாம். ஸ்டட்டிலிருந்து கம்பி இருக்கும் தூரம் குறைவு. ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கட்டையின் அடிப்பகுதியோ ஸ்டட்டிலிருந்து வெகு கீழே இருக்கிறது. நெம்புகோலின் நீளம் ஸ்பிரிங்குக்குச் சாதகம். அதனால்தான் க்ளா (ஸ்பிரிங்குகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் தகடு) திருகை அரைச் சுற்று சுற்றினாலே மேலே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வருகிறது. இதை மனதில் வையுங்கள், ஸ்பிரிங் பக்கம் கைவைக்கும்போது அவசரமே கூடாது.

ஆறாவது கம்பி ஏன் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு கம்பியை முறுக்கினால் மொத்த இழுப்பு கூடி பிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்கிறது. மற்ற ஐந்தும் தளர்கின்றன. ஐந்தையும் ஏற்றினால் மறுபடி சாய்கிறது. இப்படியே போய் ஒருவழியாக ஆறும் சுருதியில் நின்றாலும், பிரிட்ஜ் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. நமக்கு வேண்டியது ஆறு கம்பியும் சுருதியில் இருக்கும் அதே நேரத்தில் பிரிட்ஜின் தட்டு உடம்புக்கு இணையாக நிற்பது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் துரத்தாமல், ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதைச் சரிசெய்வதுதான் வழி.

தேவையான சாமான் குறைவு. 3 மி.மீ. ஆலன் கீ (நட்டின், அதாவது கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின், பூட்டுகளுக்கும், பிரிட்ஜில் கம்பியைப் பூட்டும் திருகுகளுக்கும்), 2.5 மி.மீ. ஆலன் கீ (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலை நகர்த்த), க்ளாவுக்கு நல்ல நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு ட்யூனர், மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரிகிற ஸ்கேல். கூடவே பிரிட்ஜைத் தற்காலிகமாகக் கட்டிப்போட ஒரு ஆப்பு வேண்டும். சின்ன மரத்துண்டோ, பழைய பிளாஸ்டிக் கார்டுகளை அடுக்கி டேப் சுற்றியதோ போதும்.

நட்டின் மூன்று பூட்டுகளையும் கழற்றி வையுங்கள். பிரிட்ஜிலுள்ள ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் திருகு) ஆறையும் அதன் ஓட்டத்தில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இதை மறந்துவிட்டுக் கடைசியில் பூட்டினால், ஏற்றவோ இறக்கவோ இடமில்லாமல் போகலாம். கம்பிகளை இரண்டு மூன்று சுரம் தளர்த்திவிட்டு கிட்டாரைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறங்கள். உலோகக் கட்டையின் ஒரு பக்கம் ஸ்பிரிங்குகள் கழுத்தை நோக்கி ஓடும். மறுபக்கம், அதாவது கிட்டாரின் வால் பக்கம், கட்டைக்கும் மரச்சுவருக்கும் நடுவே காலி இடம் இருக்கும். ஆப்பு போக வேண்டியது இந்த வால் பக்கத்து இடைவெளியில்.

எவ்வளவு தடிமன்? ட்ரெமலோ பாரை (பிரிட்ஜைச் சாய்க்கும் கைப்பிடியை) மெல்ல அழுத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே, தட்டு உடம்புக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இருக்கும் இடைவெளிதான் ஆப்பின் தடிமன். ஒரு கார்டைக் கூட்டியோ குறைத்தோ பொருத்திக்கொள்ளலாம். இப்போது கம்பிகள் எவ்வளவு இழுத்தாலும் கட்டை ஆப்பில் முட்டி நிற்கும், தட்டு அந்த இணையான நிலையைத் தாண்டி முன்னால் சாயாது.

இனி கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றுங்கள். பிரிட்ஜ் அசையாத சாதாரண ஹார்ட்டெயில் கிட்டார் போலவே சேரும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்காது. இங்கே ஒரு நிபந்தனை: ஆப்பு இறுக்கமாகச் சிக்கியிருக்க வேண்டும். மெல்லிய கம்பியிலிருந்து தடித்ததற்குப் போகும்போது தானாகவே சிக்கும். தடித்ததிலிருந்து மெல்லியதற்கோ, தாழ்ந்த சுருதிக்கோ போகிறவர்கள் முதலில் க்ளாவைச் சில சுற்று தளர்த்திக்கொண்டால்தான் ஆப்பு நிற்கும்.

சுருதிக்கு வந்த பிறகு புதுக் கம்பிகளை நன்றாக இழுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் 12ஆம் ஃப்ரெட் அருகே பிடித்து ஃப்ரெட்போர்டிலிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுத்து, திரும்பச் சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து, இழுத்தாலும் இறங்காத நிலை வரும்வரை. இதில் நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். லாக்கிங் நட் பூட்டிய பிறகு கம்பி நீண்டால் அதை ஈடுகட்ட ஃபைன் ட்யூனரின் சின்ன ஓட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆப்பு இருக்கும்போதே கழுத்தின் வளைவையும் பார்த்துவிடுங்கள். தடித்த கம்பி கழுத்தையும் கூடுதலாக இழுக்கும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் தடித்த ஈ கம்பியை அழுத்தினால், 7ஆம் ஃப்ரெட்டின் மேல் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி தெரிந்தால் போதும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை) கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள்.

இப்போதுதான் க்ளா. உடம்பில் இறங்கும் இரண்டு நீளத் திருகுகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அப்புறம் கால் சுற்று என்று இறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஆப்பை விரலால் அசைத்துப் பாருங்கள். முதலில் கல் மாதிரி இருக்கும். பிறகு லேசாக ஆடத் தொடங்கும். ஒரு கட்டத்தில் விரல் நுனியால் இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங்கின் இழுப்பும் கம்பியின் இழுப்பும் சமம். தட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்த கோணத்திலேயே நிற்கும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ட்யூனரை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் துரத்துகிற ஒன்று, விரலுக்குத் தெரிகிற மாதிரி கைக்கு வந்துவிடுகிறது.

ஆப்பை எடுத்த பின் ட்யூனரில் பாருங்கள். ஆறு கம்பிகளும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கியிருந்தால் பிரிட்ஜ் இன்னும் முன்னால் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். க்ளாவை அரைக்கால் சுற்று இறுக்குங்கள். ஆறும் சேர்ந்து ஏறியிருந்தால் தளர்த்துங்கள். எல்லாம் ஒன்றாக மாறினால் ட்யூனிங் கீயைத் தொடவே கூடாது. அது ஸ்பிரிங் சொல்லும் செய்தி. ஒரு கம்பி மட்டும் விலகியிருந்தால்தான் அதன் கீயைத் திருக வேண்டும்.

திருகை இறுக்கிக்கொண்டே போய் க்ளா சுவரை முட்டும் அளவுக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஆப்பு அசையவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரிங் தேவை. 10-46க்கு மூன்று ஸ்பிரிங் போதுமா என்பது ஸ்பிரிங்கின் வலுவைப் பொறுத்தது. பல கிட்டார்களில் நான்காவது போட வேண்டிவரும். அதேபோல், திருகு மரத்தை நூலிழையில்தான் பிடித்திருக்கிறது என்னும் அளவுக்குத் தளர்த்த வேண்டிவந்தால் ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். கைக்குத் தெரிகிற வித்தியாசமும் உண்டு. குறைந்த ஸ்பிரிங்கை நன்றாக இழுத்து மாட்டினால் பார் மென்மையாக இருக்கும், தட்டினால் துடிக்கும். நிறைய ஸ்பிரிங்கைத் தளர்வாக மாட்டினால் பார் கனக்கும், ஆனால் கம்பியை வளைக்கும்போது மற்ற கம்பிகள் கொஞ்சம் குறைவாக இறங்கும். உங்கள் வாசிப்பில் பெண்டிங் அதிகம் என்றால் இரண்டாவது ஏற்பாட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஸ்பிரிங் மாற்றும்போது க்ளாவில் சாலிடர் வைத்திருக்கும் கிரவுண்ட் வயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். அது அறுந்தால் ஆம்பில் ஓயாத இரைச்சல் வரும்.

கம்பியின் உயரத்துக்கு இப்போது வரலாம். தட்டு சாய்ந்திருக்கும்போது அளந்த எந்த உயரமும் செல்லாது, அதனால்தான் இதை இவ்வளவு தள்ளிப்போட்டேன். ஃப்ளாய்ட் வகையில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி உயரத் திருகு கிடையாது. இரண்டு ஸ்டட்களைத் திருகி மொத்தமாக ஏற்றி இறக்க வேண்டும். 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த ஈக்கு 1.6 முதல் 2 மி.மீ., மெல்லிய ஈக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. சில ஸ்டட்களின் நடுவில் சின்னப் பூட்டுத் திருகு இருக்கும், அதை முதலில் தளர்த்துங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன்: கம்பிகள் முழு இறுக்கத்தில் இருக்கும்போது ஸ்டட்டைத் திருகாதீர்கள். பிரிட்ஜ் ஸ்டட்டைத் தொடும் விளிம்பு கத்திபோல் சீவப்பட்டது. நைஃப் எட்ஜ் என்று சொல்வதே அதனால்தான். நாற்பது கிலோ அழுத்தத்தில் அதன் மேல் ஸ்டட்டைச் சுழற்றினால் விளிம்பு மழுங்கும், ஸ்டட்டில் பள்ளம் விழும். பிறகு பாரை விட்டதும் பிரிட்ஜ் ஒரே இடத்துக்குத் திரும்பாது, எத்தனை செட்டப் செய்தாலும் அந்தக் குறை போகாது. மலிவான நகல் பிரிட்ஜ்களில் உலோகம் மென்மையாக இருப்பதால் இந்தச் சேதம் இன்னும் சீக்கிரம் வரும். கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள், திரும்ப ஏற்றி அளங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரலாம். பரவாயில்லை.

இன்டொனேஷன்தான் (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வரச் செய்வது) பொறுமையைச் சோதிக்கும் பகுதி. 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால் வர வேண்டும். ஃப்ளாய்டில் சேடிலைக் கம்பியின் இறுக்கத்தோடு நகர்த்த முடியாது. அந்தக் கம்பியைத் தளர்த்தி, சேடிலுக்கு முன்னால் இருக்கும் 2.5 மி.மீ. திருகை நெகிழ்த்தி, நகர்த்தி, இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியைத் தளர்த்தினாலே ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜ் பின்னால் அமுங்கிவிடும் என்பதால், தட்டின் பின்விளிம்புக்குக் கீழே மடித்த துணியோ கார்டு அடுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் குத்துமதிப்பாக நகர்த்தத் தேவையில்லை, கணக்கு இருக்கிறது. 648 மி.மீ. ஸ்கேலில் சேடிலை 1 மி.மீ. நகர்த்தினால் ஹார்மோனிக்குக்கும் அழுத்திய சுரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2.7 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மாறும். ஜி கம்பி 8 சென்ட் ஏறியிருந்தால் 3 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். சேடில் இப்போது இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு, அதிலிருந்து அளந்து நகர்த்தினால் பெரும்பாலும் இரண்டாவது முயற்சியிலேயே முடிந்துவிடும். முன்பின் நகர இடமில்லாமல் போனால், சேடில் திருகை மாற்றிப் போட தட்டில் வேறு துளைகள் இருக்கும்.

எல்லாம் சரியான பிறகுதான் நட்டைப் பூட்ட வேண்டும். 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்த காலத்திலிருந்தே ட்ரெமலோ கிட்டாரின் பெரிய தொல்லை நட்டில் கம்பி உராய்வதுதான். பாரை அழுத்தும்போது பள்ளத்தின் வழியே நகர்ந்த கம்பி, விட்டதும் முழுதாகத் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். இந்த பிரிட்ஜை உருவாக்கிய ஃப்ளாய்ட் ரோஸ் 1970களின் கடைசியில் கம்பியை நட்டிலேயே இறுகப் பூட்டி அந்த உராய்வுக்கு இடமில்லாமல் செய்தார். 1979இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பூட்டினால் ட்யூனிங் கீ பயன்படாது என்பதால் பிரிட்ஜில் ஃபைன் ட்யூனர்கள் பிற்பாடு வந்து சேர்ந்தன.

பூட்டும்போது கம்பிகள் சட்டென்று ஏறுகின்றனவா? நட்டுக்குப் பின்னால் ஹெட்ஸ்டாக்கில் குறுக்கே ஒரு கம்பித்தாங்கிப் பட்டை இருக்கும், அதைப் பாருங்கள். கம்பி நட்டின் மேற்பரப்பில் முழுதாகப் படிந்து கிடக்க வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தால் பூட்டு அதை அமுக்கும்போது சுருதி ஏறிவிடும். பட்டையின் இரண்டு திருகுகளையும் இறுக்கி, கம்பியைப் படியவைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பூட்டை முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து இறுக்குகிற அளவு போதும்.

கடைசியாக ஒரு சோதனை. பாரை முழுதாக அழுத்தி விடுங்கள், ட்யூனரைப் பாருங்கள். பின்பு மேலே இழுத்து விடுங்கள், மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்துக்கு வந்தால் கிட்டார் தயார். அழுத்தி விட்டால் ஓரிடம், இழுத்து விட்டால் வேறிடம் என்று ஆறு கம்பிகளும் சேர்ந்து மாறினால், உராய்வு பிரிட்ஜில் இருக்கிறது. நைஃப் எட்ஜைத் துடைத்து, தொடும் இடத்தில் ஒரு துளி மெல்லிய மெஷின் ஆயில் வைத்துப் பாருங்கள். ஸ்டட் மரத்தில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஸ்டட் ஆடினால் மரவேலை தெரிந்த ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். ஒரே ஒரு கம்பி மட்டும் விலகினால் பிரிட்ஜின் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கம்பி சேடில் பூட்டிலோ நட் பூட்டிலோ நழுவுகிறது, அல்லது இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

சரி, இவ்வளவு செய்தாலும் மாறாத சில குணங்கள் இந்த பிரிட்ஜுக்கு உண்டு. ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே இன்னொன்றை ஒலிக்கவிட்டால் அந்த இன்னொன்று கொஞ்சம் இறங்கும். உள்ளங்கையை பிரிட்ஜின் பின்பக்கம் அழுத்தி வைத்தால் சுருதி ஏறும். கையைச் சேடிலுக்கு முன்னால், லேசாக வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். தடித்த ஈ கம்பியை டி சுரத்துக்கு இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றி வாசிக்கிறவர் என்றால் நீங்கள் கேட்ட மரத்துண்டு நியாயமான தீர்வுதான். வால் பக்கம் மட்டும் அடைத்தால் பாரை அழுத்த முடியாது, ஸ்பிரிங் பக்கம் மட்டும் அடைத்தால் மேலே இழுக்க முடியாது, இரண்டு பக்கமும் அடைத்தால் பிரிட்ஜ் அசையவே அசையாது. ஸ்பிரிங் பக்கம் மட்டும் அடைத்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால் டியூனிங் மாற்றவும் முடியும், பாரை அழுத்தி இறக்கவும் முடியும். நிறையப் பேருக்கு அதுவே போதும்.

ஒரே சுருதியில் வாசிக்கிறவர் என்றால் இந்தச் செட்டப் வெகுநாள் நிற்கும். அடுத்த முறை கம்பி மாற்றும்போது அதே கேஜை (கம்பித் தடிமனை) போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஃப்ரெட்போர்டைத் துடைக்க ஆறையும் ஒன்றாகக் கழற்ற வேண்டுமென்றால், தட்டின் பின்விளிம்புக்குக் கீழே அந்தக் கார்டு அடுக்கை வைத்துவிட்டுக் கழற்றுங்கள். புதுக் கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றியதும் அடுக்கு தானாகத் தளர்ந்து கையோடு வந்துவிடும். க்ளாவைத் தொடவே தேவையிருக்காது.